மல்லிகைக்குக் கவாத்து, காந்தளுக்குப் பொறுமை

கார்த்திகை மழை ஓயும்போது மல்லிகைச் செடியும் செங்காந்தள் கொடியும் அலங்கோலமாக நிற்கும். கத்தரியை எடுத்தவர் கை சும்மா இருக்காது. மல்லிகையை வெட்டிய கையோடு காந்தளையும் அறுத்துவிடுவார். முதல் வெட்டு சரி. இரண்டாவது, அடுத்த வருஷப் பூவுக்கே உலை வைக்கிற வேலை.

குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில். தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, உள்ளே பின்னிக் கிடக்கும் கிளை எல்லாம் போனபின் எஞ்சிய இலையையும் சிலர் உருவிவிடுவார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் மல்லிகை அரும்புவது புதுத் துளிரில். பழைய கிளைக்குப் பரிந்துபேசிப் பயனில்லை. தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மார்ச் வாக்கில் மொட்டுக் கட்டும். பிச்சிக்குக் கவாத்து டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. பொங்கல் சமயத்தில் மதுரை மாட்டுத்தாவணியில் மல்லி விலை எகிறுவதற்குப் பனியை மட்டும் குறை சொல்லக் கூடாது. கவாத்து முடிந்து தோட்டங்கள் மொட்டையாக நிற்கிற காலமும் அதுதான்.

காந்தளின் கதை மண்ணுக்கடியில் நடக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் மருந்துக்கான விதைக்காக இதைப் பயிரிடும் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கலப்பைபோல் வளைந்த பழைய கிழங்கு ஒவ்வொரு பருவத்திலும் சுருங்கிப்போக, பக்கத்தில் புதுக் கிழங்கு திரளும். அதற்குத் தீனி போடுவது இலைதான். நுனி சுருண்டு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிய அதே இலை, பூ உதிர்ந்த பிறகும் வாரக்கணக்கில் உணவைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். பச்சை இருக்கும்போதே அறுத்தால் புதுக் கிழங்கு விரல் பருமனில் நின்றுவிடும். அடுத்த மழைக்கு முளை வரலாம். பூ வருவது சந்தேகம்.

ஆகவே மல்லிகைக்குக் காலண்டரைப் பார்க்கலாம், காந்தளுக்கு இலையைத்தான் பார்க்க வேண்டும். அடி இலை முதலில் மஞ்சளாகும். காய் வெடித்துச் செக்கச்செவேல் என்று விதை தெரியும். தண்டு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் லேசாக இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடும். கத்தரிக்கு வேலையே இல்லை. மஞ்சள் தட்டத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு அழுகும். வாசலில் நாலைந்து வாரம் சருகு தொங்குவது பிடிக்காதவர்கள் காந்தளைக் கொல்லைப் பக்கமே வைத்துக்கொள்வது நல்லது.

கொடி போனபின் அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வைக்க வேண்டும். கிழங்கு கடும் விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தோண்டித் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு.