சாம்பாருக்குள்ள கோதுமை எப்படி வந்துச்சு? ஒரு சின்ன வரலாற்று த்ரெட்

1/ "ஹோட்டல்ல எம் பொண்ணு எதைத்தான் சாப்பிடலாம் டாக்டர்?" பெரியகுளத்தில் ஒரு அப்பா கேட்டார். பாப்பாவுக்கு 9 வயசு. ரெண்டு வருஷமா ரத்தசோகை, வயிற்றுப்போக்கு. டானிக், பூச்சி மாத்திரை எதுவும் கேட்கல. கடைசியில் தெரிஞ்சது: சீலியாக் நோய்.

2/ கோதுமை, பார்லியில் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. இந்த நோய் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைச் சிதைக்கும். இன்றைக்கும் இதற்குச் சாப்பாடுதான் மருந்து. ஆனா எந்தச் சாப்பாடு? அதைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆச்சு.

3/ 1888, லண்டன். டாக்டர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவா விவரிச்சார். குணமாகணும்னா உணவாலதான் முடியும்னும் சொன்னார். ஆனா அவர் வேண்டாம்னது அரிசியை. கொடுக்கலாம்னது மெல்லிசா வெட்டி மொறுமொறுன்னு வாட்டின ரொட்டியை! அப்படியே தலைகீழ்.

4/ 1924, நியூயார்க். டாக்டர் சிட்னி ஹாஸ் ரொட்டியை நிறுத்தி வாழைப்பழம் கொடுத்தார். பிள்ளைகள் தேறினாங்க. பேரு வாழைப்பழத்துக்குப் போச்சு. சின்னமனூர், கம்பம் தோட்டக்காரங்க கேட்டா சந்தோஷப்படுவாங்க. ஆனா உண்மையில் காப்பாத்தியது, தட்டில் இல்லாமப் போன கோதுமை.

5/ நெதர்லாந்தில் டாக்டர் வில்லம் டிக்கே 1930-களிலேயே ரொட்டி மேல சந்தேகப்பட்டார். 1944-45 குளிர்காலத்தில் போரால் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கல. ஊரே பட்டினி கிடக்க, சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினாங்க. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பிடுச்சு. 1950-ல் இதை ஆய்வேடாவே எழுதினார்.

6/ நம்ம நாட்டில்? 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவங்க: வட இந்தியாவில் 1.23%, தெற்கில் 0.10%. மரபணு வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில்தான்: அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். இப்போ ராத்திரியானா தேனி முழுக்க பரோட்டா வாசம். அதனால 'இது வடக்கத்தி வியாதி'ன்னு நாம அசால்ட்டா இருக்கக் கூடாது.

7/ பாப்பா கதைக்கு வருவோம். வீட்டில் கோதுமையை அடியோட நிறுத்தியாச்சு. 6 மாசம் ஆகியும் எதிர்ப்பொருள் அளவு சரியா இறங்கல. சமையலறையில் உள்ளதையெல்லாம் எடுத்துட்டு வாங்கன்னேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தா, சேர்மானத்தில் கோதுமை மாவு! கடையில் விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதிலும் இது உண்டு. தினமும் சாம்பார், ரசம் வழியா உள்ளே போயிருக்கு.

8/ இப்போ ஹோட்டல். இட்லி, இடியாப்பம், வெறும் சோறு, தயிர்: பெரும்பாலும் பயமில்லை. ரவா தோசை, ரவா கேசரி, சேமியா வேண்டாம். பரோட்டா போட்ட கல்லில் ஊத்துற தோசை, ஆம்லெட்டும் வேண்டாம். பூரி பொரிச்ச எண்ணெயில் போட்ட வடையும் அப்படித்தான். மாஸ்டர்கிட்ட மூணு கேள்வி: கல் தனியா? எண்ணெய் தனியா? பெருங்காயம் எது?

9/ பாக்கெட் உணவில் 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வளவு கொஞ்சம்தான் கணக்கு. அதனால 'கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது'ன்னு பிள்ளைக்கு ஊட்டிவிடாதீங்க, ப்ளீஸ்.

10/ முக்கியமா, சந்தேகம் இருந்தா நீங்களா கோதுமையை நிறுத்திட்டு டெஸ்டுக்குப் போகாதீங்க. நிறுத்திட்டா, நோய் இருந்தும் இல்லைன்னு ரிசல்ட் வரலாம். முதல்ல டெஸ்ட், அப்புறம் பத்தியம்.

பாப்பா இப்போ நல்லா இருக்கா. ஹோட்டலுக்குப் போனா மாஸ்டர்கிட்ட முதல் கேள்வி கேட்கிறதே அவதான்.