கொல்கத்தா டெர்பியும் வெளியூர் ஆட்டக்காரர்களும்

ஒரே நகரத்தின் இரு கால்பந்து அணிகள் மோதும் ஆட்டத்தை டெர்பி என்பர். எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரக் கரிசல் ஊர்களில் பக்கத்து ஊரோடு நடந்த கபடி ஆட்டத்தின் வெற்றியை இரவெல்லாம் டீக்கடையில் அலசும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு, கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் வேகம் புதிதாக இராது. ஆனால் அந்த வேகம் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு மாநகரத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது இந்திய விளையாட்டு வரலாற்றில் வேறெங்கும் காணக் கிடைக்காத ஒன்று.

1889இல் வடகொல்கத்தாவில் தொடங்கிய மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலேயப் படையணியை 2-1 என வென்றபோது, அதன் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினர். ஈஸ்ட் பெங்கால் பிறந்ததோ ஒரு மனத்தாங்கலில். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்னும் வீரரை ஜோராபகான் அணி களமிறக்க மறுத்ததால், அவ்வணியின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நண்பர்களோடு ஆகஸ்ட் 1 அன்று புதிய அணியைத் தொடங்கினார். 1925 மே 28 அன்று கொல்கத்தா லீக்கில் முதன்முதலாக மோதியபோது, நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் புதிய அணி வென்றது.

1947இன் பிரிவினை இந்தப் போட்டியின் பொருளையே மாற்றியது. கிழக்கு வங்காளத்தில் வீடும் நிலமும் இழந்து கொல்கத்தாவின் புறநகர்க் குடியிருப்புகளில் ஒண்டிய லட்சக்கணக்கானவர்களுக்கு, அங்காடியிலும் அலுவலகத்திலும் கிடைக்காத மரியாதையை சிவப்பு-பொன் நிறச் சட்டை அணிந்த ஈஸ்ட் பெங்காலின் வெற்றி பெற்றுத் தந்தது. மேற்கு வங்காளப் பூர்வீகத்தார் 'கோட்டி' எனவும் கிழக்கிலிருந்து வந்தோர் 'பாங்கால்' எனவும் வழங்கப்பட்டனர். முன்னவர் அணியான மோகன் பகான் வென்றால் இறாலும், பின்னவர் அணியான ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் எனப்படும் உல்லமீனும் வீடுதோறும் சமைக்கப்பட்டன. ரோயாக் என்னும் தெருத் திண்ணைகளில், எந்த முன்கள வீரர் வாய்ப்பை வீணடித்தார், எந்தத் தற்காப்பாளர் தம் ஆளை விட்டார், பயிற்சியாளர் யாரை மாற்றியிருக்க வேண்டும் என்னும் விசாரணை அடுத்த டெர்பி வரை நீண்டது.

இதை இரு வங்காளங்களின் சண்டையாக மட்டும் எழுதுவது பாதி உண்மையே. அந்தத் திண்ணைகளில் அதிகம் புகழப்பட்டவர்களில் பலர் வங்காளிகளே அல்லர். ஈஸ்ட் பெங்கால் 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற காலத்தில் அதன் முன்கள ஐவர் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்டனர். அகமது கான், தனராஜ், வெங்கடேஷ், அப்பா ராவ், சாலே ஆகிய அந்த ஐவருமே தென்னாட்டவர். தாயகம் இழந்த மக்கள் தங்கள் மானத்தை ஒப்படைத்தது இவர்களின் கால்களிடம்தான். மெட்ராஸ் ரெஜிமென்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா வீழ்த்தித் தங்கம் வென்றபோது கோல்காத்தவர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய அணிகளுக்கும் அவர் ஆடினார்.

ரசிகரின் பாசம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆபத்தும் அதில் இருந்தது. 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்ற பின், அந்தத் தோல்வியைத் தாங்காத மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த ஷியாம் தாபா, இரண்டே ஆண்டில் மோகன் பகானுக்கு மாறி, 1977 கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த டெர்பியின்போது பார்வையாளர் பகுதியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தனர். எந்த வெற்றியாலும் ஈடு செய்ய முடியாத இழப்பு அது.

அலசலுக்கு மிக அதிகமாக இடம் தந்த ஆட்டம் 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, வீரர்களை வைர வடிவில் நிறுத்தி ஓயாது தாக்கும் 'டயமண்ட்' முறையை அந்தப் பருவத்தில் கையாண்டு, ஆட்டத்துக்கு முன் எதிரணியினரைப் பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்தார். எதிர்முகாமின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜியோ அந்தக் கேலியையே தம் வீரர்களை உசுப்பும் கருவியாக்கினார். 1,31,781 பேர் கூடியதாகப் பதிவான அந்த அரங்கில், சிக்கிமைச் சேர்ந்த 20 வயது பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. தாக்குதலுக்கு முன்னேறியவர்கள் திரும்புமுன் பின்னால் விழுந்த இடைவெளியில் பூட்டியா புகுந்ததைச் சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறையே வளர்ந்தது.

2022 ஜனவரி 29 அன்று, கொரோனாவால் ரசிகர்கள் அனுமதிக்கப்படாத கோவா அரங்கில் நடந்த டெர்பியில், மாற்று வீரராக இறங்கிய கியான் நாசிரி மூன்று கோல் அடித்து மோகன் பகானுக்கு 3-1 வெற்றி தேடித் தந்தார். அவருடைய தந்தை, ஈரானிலிருந்து வந்த ஜாம்ஷித் நாசிரி, முன்பு ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆட்டக்காரர்.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை அடுத்து நகரம் கொதித்திருந்த வேளையில், ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி பாதுகாப்புக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. அன்று இரு அணிகளின் ரசிகர்களும் தத்தம் கொடிகளோடு சால்ட் லேக் அரங்கின் முன் திரண்டு, கொலையுண்ட பெண்ணுக்கு நீதி கேட்டு ஒன்றாக முழக்கமிட்டனர்.