பாசண்டம்: ஒரு சொல்லின் கதை

மனிதரைப் போலச் சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. வாழ்ந்து கெட்ட சொற்களில் ஒன்று 'பாசண்டம்'. அகராதியைப் புரட்டினால் புறச்சமயம், வேதத்துக்கு மாறான மதம் என்றே பொருள் காண்போம். இந்தியிலோ 'பாகண்ட்' என்றால் வெளிவேடம், போலித்தனம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் இச்சொல்லை ஆண்டபோது அதில் இழிவேதும் இருக்கவில்லை. அவனது 12ஆம் பாறைக் கல்வெட்டு 'தன் பாசண்டம்', 'பிறர் பாசண்டம்' என இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுகின்றது. தன்னுடையதைப் புகழ்ந்து பிறருடையதைப் பழிப்பவன் தன்னுடையதற்கே கேடு செய்கிறான் என்பது அதன் சாரம். இக்கல்வெட்டின் ஒரு பகுதி கிரேக்க மொழியில், ஆப்கானிஸ்தானத்துக் கந்தகாரில் 1963இல் கிடைத்தது. அங்கே பாசண்டத்துக்கு ஈடாக நிற்பது, தத்துவப் பள்ளியைக் குறிக்கும் சொல்லே.

பின்னர் காற்று மாறியது. பாசண்டரை வாய்ச்சொல்லாலும் உபசரிக்கலாகாது என்றது மனுநூல். அர்த்தசாஸ்திரம் அவர்களுக்குச் சுடுகாட்டின் ஓரத்தை ஒதுக்கியது. பொதுப்பெயர் வசைப்பெயராயிற்று.

நமது தீவிலும் இச்சொல் வழங்கியது. அநுராதபுரத்தை அமைத்த பண்டுகாபயன் நிகண்டருக்கும் ஆசீவகருக்கும் பிராமணருக்கும் உறைவிடங்கள் அளித்ததை மகாவம்சம் கூறுகின்றது. பல்வேறு பாசண்டத் துறவியர் அங்கு வாழ்ந்ததையும் அது குறித்து வைத்துள்ளது. புத்த சமயம் இங்கு வருமுன்னர் எழுந்த தலைநகரிலேயே பல சமயத்தவர்க்கும் இடமிருந்தது என்பதே அந்நூல் தரும் சித்திரம்.

தமிழோ இச்சொல்லைத் தெய்வத்தின் பெயரோடு சேர்த்தது. சிலப்பதிகாரத்தில், பால் விக்கி இறந்த குழந்தையோடு கோயில் கோயிலாக அலைந்த மாலதிக்கு இரங்கியவன் பாசண்டச் சாத்தன். அவனே அக்குழந்தையாக வந்து வளர்ந்தான். 96 வகைச் சமய நூல்களிலும் வல்லவன் என்பதால் அப்பெயர் பெற்றான் என்பர் உரையாசிரியர். எல்லாச் சமயமும் கற்றவனே பாசண்டன்! மனு விலக்கிய பெயரைத் தமிழன்னை ஒருத்தி கைகூப்பித் தொழுதாள்.

பல்லேகலயிலிருந்து மகியங்கனை வீதியில் சற்றுத் தூரம் சென்றால் திகன வரும். 2018 மார்ச்சில் அங்கே முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. நெருப்புக்கு முன்னர் பரவியவை சொற்களே. அயலவனைச் சுட்டும் பெயர் வசையாகும் வேளையிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். 'பிறர் பாசண்டம்' என்று சொன்ன அதே நாவால் 'என் பாசண்டம்' என்றும் சொன்னானே அசோகன், அந்தச் சமநிலையே அச்சொல் இழந்த செல்வம்.