குரல் இழந்த 'கர்மா'

கர்மா என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாட்டி தொடங்கி பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இதே பெயரில் ஜப்பானில் ஒரு ராக் பாட்டு இருக்கிறது, அதுவும் ஒரு வீடியோ கேமுக்காக எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 2005 நவம்பரில் வெளியான பாட்டு. பாடியது பம்ப் ஆஃப் சிக்கன் என்ற ராக் பேண்ட். கேமின் பெயர் 'டேல்ஸ் ஆஃப் தி அபிஸ்'.

பௌத்தம் வழியாகப் போன வினை என்ற கருத்துக்கு ஜப்பானிய மொழியில் 'கோ' என்று தனிச்சொல்லே உண்டு. ஆனாலும் இந்தப் பாட்டின் தலைப்பு வெளிமொழிச் சொற்களை எழுதும் கதகானா எழுத்தில் 'கருமா' என்றுதான் இருக்கிறது. நம் ஊர்ச் சொல் அவ்வளவு தூரம் போய் ஒரு ராக் பாட்டுக்குத் தலைப்பானது ஒரு ஆச்சரியம் என்றால், அந்தப் பாட்டுக்குப் பிறகு நடந்தது இன்னொரு ஆச்சரியம். ஜப்பானை விட்டு வெளியே போனபோது அது தன் குரலை இழந்தது!

'டை-அப்' என்னும் வியாபாரம்

முதலில் ஜப்பானிய இசைச் சந்தையைப் பற்றிக் கொஞ்சம். அங்கே பாட்டுகள் பெரும்பாலும் சிங்கிள்களாக வரும். ஒரு முக்கியப் பாட்டு, கூட ஒன்றிரண்டு பாட்டு, அவ்வளவுதான் ஒரு சிடி. இந்த சிங்கிளை விற்க அவர்கள் கண்டுபிடித்த பெரிய உத்தி 'டை-அப்'. அதாவது ஒரு பாட்டை டிவி சீரியல், விளம்பரம், அனிமே, சினிமா என்று ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டு விடுவது.

கணக்கு எளிமையானது. சீரியல் எடுப்பவருக்குப் பிரபலமான குரல் கிடைக்கிறது. இசைக் கம்பெனிக்கு வாராவாரம் இலவச விளம்பரம் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் லாபம். 1990களில் இந்த முறை கொடிகட்டிப் பறந்தது. ஜப்பானில் சிடி விற்பனை உச்சத்தைத் தொட்டது 1998இல்.

இதனால் டை-அப் பாட்டு என்றாலே விளம்பரப் பாட்டுதானே என்ற ஒரு இளக்காரமும் உண்டு. பல நேரம் அது நியாயமும்கூட. பாட்டுக்கும் சீரியலுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஒரே பாட்டைப் பெயர் மாற்றாமல் பற்பசைக்கும் போடலாம், காருக்கும் போடலாம்.

கேசட்டுக்குள் ஒரு பாடகி

இந்த உத்தியைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது நாம்கோ கம்பெனியின் 'டேல்ஸ்' வரிசை. முதல் கேமான 'டேல்ஸ் ஆஃப் ஃபான்டேசியா' 1995 டிசம்பர் 15 அன்று சூப்பர் ஃபேமிகாமில் வந்தது. கேமை ஆன் செய்தால் ஒரு பெண் பாடுவார்! இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தக் காலத்துக் கணக்கைப் பாருங்கள்.

அந்த கேம் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 48 மெகாபிட். அதாவது 6 எம்.பி. சாதாரணத் தரத்தில் ஒரு நான்கு நிமிட எம்.பி.3 பாட்டே கிட்டத்தட்ட 4 எம்.பி. பிடிக்கும். இந்த 6 எம்.பி.க்குள்தான் படங்கள், வரைபடங்கள், வசனங்கள், சண்டைகள் என்று முழு கேமும் இருக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அந்த மெஷினின் ஒலிப் பகுதிக்கு இருந்த நினைவகம் வெறும் 64 கிலோபைட். எனவே வாத்தியங்களை சிப்பே வாசிக்க, பாடகி யுகாரி யோஷிதாவின் குரலை மட்டும் துண்டு துண்டாகக் கேசட்டிலிருந்து எடுத்து ஊட்டினார்கள். குரல் கொஞ்சம் கரகரவென்றுதான் இருக்கும். ஆனால் பாடியது!

அடுத்த கேமான 'டேல்ஸ் ஆஃப் டெஸ்டினி' 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. இது சிடி என்பதால் இடப் பிரச்சினை தீர்ந்தது. ஏற்கெனவே பிரபலமாக இருந்த டீன் என்ற பேண்ட் பாடியது. அதிலிருந்து ஒவ்வொரு பெரிய டேல்ஸ் கேமுக்கும் தொடக்கத்தில் ஒரு அனிமே காட்சியும் ஒரு பாட்டும் என்பது வழக்கமாகிவிட்டது. 2000இல் 'எடர்னியா'வுக்கு கார்னெட் குரோ, 2003இல் 'சிம்ஃபோனியா'வுக்கு டே ஆஃப்டர் டுமாரோ.

கோழைகளின் பதிலடி

2005 டிசம்பர் 15. சரியாகப் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது 'அபிஸ்'. இதற்குப் பாட நாம்கோ பிடித்தது பம்ப் ஆஃப் சிக்கனை.

சீபா மாகாணத்தின் சாகுரா நகரத்துக்காரர்கள். நான்கு பேரும் கிண்டர்கார்டன் காலத்து நண்பர்கள். நால்வரும் 1979இல் பிறந்தவர்கள். பேண்டின் விசித்திரப் பெயருக்கு அவர்கள் சொல்லும் விளக்கம், கோழைகளின் பதிலடி! 2001இல் 'தென்தாய் கான்சோகு' என்ற சிங்கிள் அவர்களை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது. பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடுபவர் மோதோ ஃபுஜிவாரா. 2003இல் 'ஒன் பீஸ்' படத்துக்கு ஒரு பாட்டு கொடுத்திருந்தார்கள், எனவே டை-அப் அவர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் இந்த முறை ஃபுஜிவாரா செய்தது வேறு. கேமின் கதையைப் படித்துவிட்டு அதற்கென்றே எழுதினார்.

கதை என்ன?

(கேமை இனிமேல்தான் ஆடப் போகிறேன் என்பவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுங்கள். முக்கிய முடிச்சை அவிழ்க்காமல் இதைச் சொல்ல முடியாது.)

நாயகன் லூக். பிரபு வீட்டுப் பிள்ளை. பத்து வயதில் கடத்தப்பட்டு, மீட்கப்பட்டபோது நினைவெல்லாம் போய்விட்டது. அதன் பிறகு ஏழு வருடம் மாளிகைக்குள்ளேயே அடைபட்டு வளர்கிறான். திமிர் பிடித்தவன், எதற்கும் சலித்துக்கொள்பவன். குருவாக நம்பிய வான் என்பவனின் பேச்சைக் கேட்டு ஒரு சுரங்க நகரத்தையே அழித்துவிடுகிறான். ஆயிரக்கணக்கானோர் சாகிறார்கள். 'என் தப்பில்லை' என்று கத்துகிறான்.

அப்போதுதான் உண்மை வெளிவருகிறது. அவன் லூக்கே இல்லை! உண்மையான லூக் கடத்தப்பட்டபோது எடுத்த நகல் அவன். அசல் ஆள், ஆஷ் என்ற பெயரில் எதிரி முகாமில் இருக்கிறான். அந்த உலகின் பழைய மொழியில் லூக் என்றால் புனித நெருப்பின் ஒளி. ஆஷ் என்றால் அந்த நெருப்பு விட்டுப்போன சாம்பல். நகலுக்கு ஒளியின் பெயர், அசலுக்குச் சாம்பலின் பெயர்.

பதினேழு வயது உடம்பு, ஏழு வயது வாழ்க்கை. வேறொருவனின் வீடு, வேறொருவனின் பெயர், வேறொருவனின் இடம். தான் எதற்காகப் பிறந்தோம் என்று லூக் தேடுவதுதான் மீதிக் கதை. நாம்கோ இந்த கேமுக்கு வைத்த வகைப்பெயரே 'பிறந்ததன் அர்த்தத்தை அறியும் ஆர்.பி.ஜி.' என்பதுதான்!

பாட்டு என்ன சொல்கிறது?

'கர்மா'வில் லூக் என்ற பெயரோ, வாளோ, அரண்மனையோ கிடையாது. இரண்டு கண்ணாடிக் கோலிகள், ஒன்றுக்கு மட்டுமே இடமிருக்கும் ஒரு வெயில் திட்டு, இப்படிச் சின்னச் சின்னப் பொருள்களை வைத்தே பாட்டு நகர்கிறது. ஒருவன் ஒரு இடத்தில் இருக்கிறான் என்றால் அங்கே இன்னொருவன் இருக்க முடியாது, இருப்பதே யாரையோ தள்ளிவிடுவதுதான் என்பது பாட்டின் அடியோட்டம்.

கேமை முதன்முதலாகப் போடும்போது இது வேகமான, நல்ல ராக் பாட்டு. அவ்வளவுதான். வரிகள் பிடிபடாது. கதை திரும்பும் இடத்தைத் தாண்டிய பிறகு அதே பாட்டைக் கேட்டால் ஒவ்வொரு வரியும் லூக்குக்கும் ஆஷுக்கும் பொருந்தும். பாட்டு மாறவில்லை, கேட்பவர்தான் மாறியிருக்கிறார்! கேம் தெரியாதவர் கேட்டாலும் பாட்டு தனியாக நிற்கும். விளம்பரப் பாட்டு என்ற இளக்காரம் இங்கே செல்லாது.

அதோடு நிற்கவில்லை. கேமின் பின்னணி இசை மோதோய் சாகுராபா, ஷின்ஜி தாமுரா ஆகியோருடையது. அந்தப் பட்டியலில் ஃபுஜிவாராவின் பெயரும் உண்டு. 'கர்மா'வின் மெட்டை வைத்தே 'மீனிங் ஆஃப் பர்த்' என்ற இசைத் துண்டு அமைக்கப்பட்டது. அது ஒலிப்பது லூக்கும் ஆஷும் நேருக்கு நேர் மோதும் இடத்தில். தொடக்கத்தில் வாயோடு கேட்ட மெட்டு, பல மணி நேரம் கழித்து வார்த்தையில்லாமல் திரும்பி வருகிறது. ஜப்பானில் ஆடியவர்களுக்கு அந்த இடத்தில் வரிகள் மனதுக்குள் தானாக ஓடும்.

கடல் தாண்டியதும்...

2006 அக்டோபரில் 'அபிஸ்' அமெரிக்காவுக்குப் போனது. வசனம் முழுக்க ஆங்கிலம் ஆனது. தொடக்கக் காட்சி அப்படியே இருந்தது. மெட்டும் இருந்தது. குரல் மட்டும் இல்லை! வெறும் இசையாக 'கர்மா' ஒலித்தது.

இது இந்த வரிசைக்குப் புதிதல்ல. 'டெஸ்டினி' 1998இல் அமெரிக்கா போனபோது டீனின் பாட்டு போய் அந்த இடத்தில் ஒரு இசைத் துண்டு வந்தது. 'சிம்ஃபோனியா'வில் ஆர்கெஸ்ட்ரா இசை வந்தது.

ஏன் இப்படி? கேம் நாம்கோவின் சொத்து. பாட்டு அப்படியல்ல. வரியும் மெட்டும் ஒரு உரிமை, பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு உரிமை. பம்ப் ஆஃப் சிக்கனின் ஒலிப்பதிவுகள் டாய்ஸ் ஃபேக்டரி என்ற இசைக் கம்பெனியில் வந்தவை. வேறு நாட்டில் விற்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி, தனிப் பணம்.

இப்போது அந்த டை-அப் கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். ஜப்பானில் இருவருக்கும் லாபம். அமெரிக்காவில் அந்த பேண்டை அறிந்தவர்கள் குறைவு, விற்க அங்கே சிங்கிளும் இல்லை. எனவே இசைக் கம்பெனிக்கு விளம்பர லாபம் பெரிதாக இல்லை. கேம் கம்பெனிக்கோ ஜப்பானிய மொழிப் பாட்டால் கூடுதலாக ஒரு பிரதியும் விற்கப்போவதில்லை, செலவு மட்டும்தான். வரவு செலவுப் புத்தகத்தில் குரலை விட்டுவிடுவதே சரியான முடிவாகத் தெரியும்.

ஆனால் 'கர்மா' விஷயத்தில் விட்டுப்போனது அலங்காரம் இல்லை, கதையின் ஒரு பகுதி. எந்த ஏற்பாடு இப்படி ஒரு பாட்டு பிறக்கக் காரணமாக இருந்ததோ, அதே ஏற்பாடுதான் அதன் வாயையும் அடைத்தது. உடம்பு அப்படியே இருக்க, உள்ளே இருந்தது மட்டும் இல்லாத ஒரு நகல். நகலைப் பற்றிய கேமுக்கே இது நடந்தது!

பிறகு

2008இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் வெஸ்பேரியா' வேறு வழி காட்டியது. போனி பிங்க் என்ற பாடகி 'ரிங் எ பெல்' பாட்டை ஜப்பானிய மொழியிலும் பாடினார், வெளிநாட்டுப் பதிப்புக்கு ஆங்கிலத்திலும் அவரே பாடினார். முன்கூட்டியே யோசித்தால் வழி இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

அதே 2008 அக்டோபரில் சன்ரைஸ் நிறுவனம் 'அபிஸ்' கதையை 26 பகுதி அனிமேவாக எடுத்தது. தொடக்கப் பாட்டாக வேறு எதையும் தேடவில்லை, 'கர்மா'வையே வைத்தார்கள். மூன்று வருடம் பழைய பாட்டு! டை-அப் கணக்குப்படி புது சிங்கிளைத்தான் போட்டிருக்க வேண்டும். அந்தக் கதைக்கு வேறு பாட்டு பொருந்தாது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பம்ப் ஆஃப் சிக்கன் 2011இல் 'ஃபைனல் ஃபேன்டஸி டைப்-0' கேமுக்கு 'ஜீரோ' என்ற பாட்டும் கொடுத்தார்கள்.

இன்று இணையத்தில் 'கர்மா'வைக் குரலோடு கேட்க ஒரு நிமிடம் போதும். ஆங்கிலப் பதிப்பை மட்டும் ஆடியவர்கள் யாராவது நண்பர்களில் இருந்தால், முதலில் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். மெட்டு அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். பாடுகிறவரைத்தான் இன்னும் சந்திக்கவில்லை.