"டயமண்ட் ஹார்பர், இல்லைன்னா வேற ஏதாவது": ஒரு ராத்திரி ரெஃபரலின் கதை

இந்த எபிசோட் ஒதியம்பட்டுல ஆரம்பிச்சு கல்கத்தாவுக்குப் போகுது.

ஒதியம்பட்டுல ராத்திரி ஒருத்தருக்கு உடம்பு முடியலைன்னா, பக்கத்துல வில்லியனூர். அதைத் தாண்டினா கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர், டவுன்ல ஜி.எச். எல்லாமே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். இவ்வளவு கிட்ட இருக்கிறதாலயே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். அங்கே கூட்டத்தைப் பார்க்கிறவங்க, "இதுக்கெல்லாமா எமர்ஜென்சிக்கு அனுப்புவாங்க?"ன்னு கேட்பாங்க. நம்ம ஆபீஸ் பாஷையில, எல்-1 முடிக்க வேண்டிய டிக்கெட்டை எல்-3க்குத் தள்ளிவிட்ட மாதிரி.

ஆனா சரியான காரணத்துக்கு அனுப்பின ரெஃபரல்கூட எப்படிச் சொதப்பும்னு பார்க்கணும்.

1992 ஜூலை 8. மேற்கு வங்கத்துல மதுராபூர் ஸ்டேஷன். ராத்திரி 7.45 மணிக்கு விவசாயக் கூலித் தொழிலாளி ஒருத்தர் ரயில்ல இருந்து விழுந்துடுறார். தலையில பலத்த அடி. மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அங்கே வசதி இல்லை. டாக்டர் சொல்றார்: டயமண்ட் ஹார்பர் ஆஸ்பத்திரிக்கோ, வேற ஏதாவது அரசு ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்க.

அனுப்பினது சரியா? சரிதான். இன்னைக்கு யாராவது கணக்கெடுத்தா "தேவையான ரெஃபரல்"னு டிக் போட்டுடுவாங்க. எனக்கு உறுத்துறது அந்த "வேற ஏதாவது". முகவரி இல்லாத கடிதம் அது.

11.45க்கு என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி. விழுந்து நாலு மணி நேரம் ஆச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க, அட்மிட் பண்ணணும்னாங்க, கட்டில் இல்லைன்னாங்க. அடுத்து கல்கத்தா மெடிக்கல் காலேஜ், சம்புநாத் பண்டிட், நேஷனல் மெடிக்கல் காலேஜ், பாங்கூர் நரம்பியல் நிலையம், எஸ்.எஸ்.கே.எம். ஆறு அரசு ஆஸ்பத்திரி! நடுவுல காசு கட்டி வெளியே எடுத்த சி.டி. ஸ்கேன்ல மூளையில ரத்தக்கசிவுன்னு தெரிஞ்சது. கடைசியில தனியார் ஆஸ்பத்திரி, ஜூலை 22 வரைக்கும். செலவு சுமார் 17,000 ரூபாய்.

அவர் சார்ந்த பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி உச்ச நீதிமன்றம் போச்சு. இதுக்கிடையில மாநில அரசு ஒரு விசாரணைக் குழு போட்டுச்சு. நிலைமை மோசமா இருந்தா தரையிலயோ டிராலியிலயோ வைச்சாவது சேர்த்துக்கணும், அவசரம் இல்லாத வார்டுல இருந்து கட்டில் கடன் வாங்கலாம்னு அந்தக் குழு சொன்னது. இது நவீன கண்டுபிடிப்பு இல்லைங்க, வெறும் பொது அறிவு.

1996 மே 6, தீர்ப்பு. அவசர சிகிச்சை மறுக்கிறது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தர்ற உயிர்வாழும் உரிமையை மீறுறது. பணம் இல்லைன்னு அரசு தப்பிக்க முடியாது. இழப்பீடு 25,000 ரூபாய். அதோட சில வழிமுறைகள்: ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் சிகிச்சை கொடுத்து நோயாளியோட நிலைமையை நிலைப்படுத்த வசதி வேணும், ஆம்புலன்ஸ் வேணும், எந்த ஆஸ்பத்திரியில கட்டில் காலியா இருக்குன்னு அனுப்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு மையத் தகவல் தொடர்பு அமைப்பு வேணும். எனக்கு இதுல முக்கியமாப் படுறது கடைசியா சொன்னதுதான்.

இதே 1992-ல டென்மார்க் தன்னோட இரவு மருத்துவ முறையை மாத்திச்சு. அந்த மாற்றத்துல, ராத்திரியில போனை எடுக்கிறதே ஒரு குடும்ப டாக்டர்னு ஆச்சு. ஆலோசனை போதுமா, நேர்ல வரணுமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமான்னு அவர் முடிவு பண்ணினார். நம்ம ஊர்ல அந்த முடிவை, பெரும்பாலும் பைக் சாவியைத் தேடிட்டிருக்கிற மச்சானோ சித்தப்பாவோதான் எடுக்கிறாங்க.

அதனால ராத்திரி உங்க கையில ரெஃபரல் சீட்டு கொடுத்தா, "எதுக்கு அனுப்புறீங்க?"ன்னு சண்டை போட வேண்டாம். என்ன மருந்து கொடுத்தீங்க, எத்தனை மணிக்குன்னு சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. அப்புறம், "அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா சார்?"ன்னு கேளுங்க.