பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டுகள்?

கரையான்சாவடியிலிருந்து போரூர் வழியாகக் கிண்டிக்குச் செல்லும் சாலையில் கல்லூரி விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. கோப்பையோடு நிற்கும் மாணவர் அணியின் படம் அவற்றில் எப்போதாவது தென்படும். படத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று நாம் யோசிப்பதில்லை. அரசுக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் என்றால், அணி வென்றாலும் தோற்றாலும் 60 வயதுவரை பணியில் இருப்பார். ஒப்பந்தத்தில் வந்த பயிற்சியாளர் என்றால், ஒரு கல்வியாண்டோடு அவர் கதை முடிந்துவிடலாம். ஒருவரை வயது அனுப்பிவைக்கிறது. மற்றவரைக் கடைசி ஆட்டத்தின் முடிவு அனுப்பிவைக்கிறது. அவர் செய்த வேலையை யாரும் எடைபோடுவதில்லை.

இக்கேள்விக்கான வரலாறு அதே திசையில், கிண்டியைத் தாண்டிய சில கல் தொலைவில் இருக்கிறது. நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியை உடனிருந்து நடத்தியவரும், 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாக உழைத்தவர்களுள் ஒருவரும் அவரே. 1943இல் மறையும்வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள், அவரது வாழ்வு அக்கல்லூரியோடு பிணைந்திருந்தது. வெற்றி தோல்விப் பட்டியலை வைத்து அவரை மதிப்பிட முற்பட்டால் நம் கையில் எதுவும் அகப்படாது. அவர் உருவாக்கியவை அணிகள் அல்ல. அணிகளை உருவாக்கும் ஆசிரியர்கள்.

பக் பயின்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில். அவருக்கு முன்னரே அங்கிருந்து வெளிவந்த இருவரின் வாழ்க்கை நம் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது.

முதலாமவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர். 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1907வரை அதன் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பு வகித்தார். வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர்களுள் தோல்விகள் மிகுந்த கணக்கோடு விலகியவர் இவர் ஒருவரே என்பது விளையாட்டு வரலாற்றின் விந்தை. ஆயினும் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றவில்லை. 1937வரை அங்கே பேராசிரியராக இருந்தார். அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் அதே அணியை இரு தவணைகளாக 39 பருவங்கள் நடத்திப் பெரும்புகழ் ஈட்டினார். மாணவரின் வெற்றிகளை ஆசிரியரின் கணக்கில் எழுதும் வழக்கம் இருந்திருந்தால், நெய்ஸ்மித்தைத் தோற்றவர் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாமவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக். 1892 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். பயிற்சியாளருக்குப் பேராசிரியர் தகுதியும் நிரந்தரப் பணியும் முதன்முதலாக அளிக்கப்பட்டவர்களுள் ஒருவர். நாற்பது ஆண்டுகள் நீடித்தார். ஆனால் 1924க்குப் பின் அவர் அணி தன் கூட்டமைப்பின் பட்டத்தை வெல்லவே இல்லை. 1932இல், எழுபது வயதில், விருப்பமின்றி ஓய்வு பெற்றார். நீண்ட பதவிக்காலம் தூக்கத்தில் முடியும் என்பதற்கு இது சான்றாகிறதா? அப்படி முடிவுகட்டிவிட முடியாது. கலிபோர்னியாவில் மற்றொரு கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. 1943இல், தம் 81ஆம் வயதில், நாட்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வானார். தளர்ச்சி முதுமையால் மட்டும் வருவதில்லை. மனிதருக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான உறவு களைத்துப்போவதும் உண்டு.

மறுபக்கத்தில், அவசரத்தின் விலையை இந்திய ஹாக்கி நமக்குக் கற்பித்தது. 2002 உலகக் கோப்பையின் நடுவிலேயே பயிற்சியாளர் மாற்றப்பட்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்தபோது மீண்டும் ஒரு மாற்றம். அணிக்குக் கிடைத்தது ஏழாமிடம். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவரான சென்னை வாசுதேவன் பாஸ்கரனும் 2006 உலகக் கோப்பையில் பதினோராம் இடம் கண்டபின் பொறுப்பிழந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்திய ஆடவர் அணி தகுதியே பெறவில்லை. 1928இல் ஒலிம்பிக் ஹாக்கியில் அடியெடுத்து வைத்தபின் அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. ஆள் மாறியதுதான் ஒரே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் ஆளைப் பலிகொடுத்ததால் தோல்வி நிற்கவில்லை என்பது கண்கூடு.

சையத் அப்துல் ரஹீமின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்து கால்பந்துப் பயிற்சிக்கு வந்தவர் அவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் நடத்திய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று வீழ்ந்தது. இன்றைய மனநிலையில் அத்தோடு அவர் கதை முடிந்திருக்கும். ஆனால் அணி மீண்டும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். மறு ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது இதுதான். கல்லூரிப் பயிற்சியாளரின் காலத்தை ஆட்டங்களால் அளக்கலாகாது. மாணவர்களால் அளக்க வேண்டும். கலைக்கல்லூரியில் ஓர் அணி மூன்று ஆண்டுகளில் முழுதாக மாறிவிடுகிறது. பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகளில். முதலாண்டில் தயங்கித் தயங்கி மைதானத்துக்கு வந்த மாணவன் இறுதியாண்டில் என்னவாக வெளியேறுகிறான் என்பதைக் காணும் முன்பே அவனை வளர்த்தவரை அனுப்பிவிட்டு, எதை மதிப்பிட்டோம் என்று சொல்வது? ஒரு முழு அணியாவது அவர் கையில் தொடங்கி அவர் கையில் முடிய வேண்டும். அதற்குப் பிறகு கேட்கலாம்: காயமின்றி விளையாடினார்களா, படிப்பைக் கைவிட்டார்களா, அவர்களுள் ஒருவராவது நாளை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கு வந்தாரா? இல்லை என்று விடை வந்தால், அலமாரி நிறையக் கோப்பை இருந்தாலும் அவர் விலகுவதே முறை. ஆம் என்றால், அலமாரி வெறுமையாக இருந்தாலும் அவர் நீடிக்க வேண்டும்.

இந்த அளவுகோல் நிரந்தரப் பணியில் இருப்பவருக்கும் பொருந்தும், ஒப்பந்தக்காரருக்கும் பொருந்தும். முன்னவரைக் கேள்வி கேட்பதே இல்லை. பின்னவருக்குப் பதில் சொல்லும் அவகாசமே கிடைப்பதில்லை. இரண்டிலும் இழப்பவன் மாணவனே.