காட்டப்பட்டவர்களும் காட்டுபவர்களும்: சாமி மக்களின் சுற்றுலா வரலாறு



இந்த ஆண்டின் நினைவுப் பேருரைக்கு ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் ஒரு பூர்வகுடி மக்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் பரவிக் கிடக்கிறது அவர்களுடைய நிலம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாப்மி. தங்களைச் சாமி என்று அழைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் யார் யாரைச் 'சாமி' என்று கூப்பிட வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவர்களைப் பிறர் அழைத்தது 'லாப்' என்று. அது இழிசொல்லாகப் புழங்கியது. தம் பெயரைப் பிறர் வாயால் சொல்லவைக்க அவர்கள் பல தலைமுறை போராடினார்கள்.

இன்று குளிர்காலம் வந்தால் வடதுருவ ஒளியைக் காணவும், பனிமான் பூட்டிய சறுக்குவண்டியில் ஏறவும் உலகெங்கிலுமிருந்து பயணிகள் அங்கே போகிறார்கள். பூர்வகுடிச் சுற்றுலா என்று அதற்குப் பெயர். ஒரு மக்களைப் பிறர் காட்சிக்கு வைப்பதற்கும், அவர்களே தம் வாழ்வைப் பிறருக்குக் காட்டுவதற்கும் இடையில் இருப்பது என்ன? மரியாதை என்று சிலர் சொல்வார்கள். சாமி வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றும் விடை வேறு. இடையில் இருப்பது நிலமும் அதன்மீது முடிவெடுக்கும் உரிமையும்தான்.

1. உடை மாட்டிய அறிஞர்

தாவரங்களுக்குப் பெயர்வைக்கும் முறையைத் தந்த கார்ல் லின்னேயஸ் 1732இல் சாப்மியில் பயணம் செய்தார். சில ஆண்டுகளில் நெதர்லாந்து சென்றவர், சாமி உடையில் தன்னை ஓவியமாக வரையச் செய்தார். 1737இல் வரைந்த அந்த ஓவியத்தில் தொப்பி ஓரிடத்துப் பெண்களுடையது; அங்கி வேறிடத்தது. இடுப்பில் ஒரு மேளம் தொங்குகிறது.

அந்த மேளத்தின் கதையைச் சொல்ல வேண்டும். சாமி மக்களின் வழிபாட்டோடு இணைந்தது அது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் திருச்சபையும் அரசும் மேளங்களைப் பறித்தன, பலவற்றை எரித்தன. ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவரிடமிருந்து 1691இல் மேளத்தைப் பிடுங்கி, சூனியம் செய்ததாக வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வருமுன்பே காவலில் இருந்தபோது அவர் கொல்லப்பட்டார். மேளம் கோபன்ஹேகனுக்குப் போய்ச்சேர்ந்தது. ஒருவர் தன் மேளத்தை வைத்திருந்தது குற்றமானது. இன்னொருவர் அதே போன்ற மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டது பெருமையானது. பின்னால் வந்த சுற்றுலாவின் அடிப்படை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

2. காட்சிக்கூடத்திலிருந்து கப்பல்துறைக்கு

1822இல் வில்லியம் புல்லக் என்பவர் லண்டனில் ஒரு சாமி குடும்பத்தைப் பனிமான்களோடு காட்சிக்கு வைத்தார். 1875இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விலங்கு வணிகர் கார்ல் ஹாகென்பெக், பனிமான்களோடு ஒரு சிறு சாமி குழுவையும் வரவழைத்தார். அவர்கள் கூடாரம் அடிப்பதையும் பால் கறப்பதையும் குழந்தைக்குப் பாலூட்டுவதையும் பார்க்க மக்கள் காசு கொடுத்தார்கள். மனிதக் காட்சி பெருந்தொழிலானது இங்கிருந்துதான். அதே ஹாகென்பெக் 1880களில் இலங்கையிலிருந்தும் ஆட்களையும் யானைகளையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்டினார். 1891இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்ட ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் சாமி குடியிருப்பும் அதில் வாழும் மனிதர்களும் காட்சியின் பகுதியானார்கள்.

அதே 1875இல் தாமஸ் குக் நிறுவனம் நார்வேயின் வடமுனைக்கு முதல் குழுப் பயணத்தை நடத்தியது. அந்தக் காலத்துச் சுற்றுலாக் கப்பல்கள் த்ரோம்சோவில் நிற்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கோடைக்கு வந்து தங்கும் சாமி குடும்பங்களைப் பயணிகள் பார்த்துவருவார்கள். சாமி மக்கள் வெறுமனே பார்க்கப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. கைவினைப் பொருள்களை விற்றார்கள். காட்சிகளுக்குப் போனவர்களில் பலர் ஒப்பந்தம் போட்டு, கூலி பேசி, ஊர் திரும்பியவர்கள். அந்தத் திறமையை மறைத்து அவர்களை வாயற்றவர்களாக எழுதுவதும் அநீதியே.

ஆனால் அதே காலத்தில் சட்டம் என்ன செய்தது? 1852இல் நார்வேயின் கவுத்தொகெய்னோவில் சாமி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்காக 1854இல் அஸ்லாக் ஹேத்தா, மோன்ஸ் சோம்பி ஆகிய இருவரின் தலை வெட்டப்பட்டது. மண்டையோடுகள் ஆய்வுக்கென்று எடுத்துச்செல்லப்பட்டன. 1997இல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. 1902ஆம் ஆண்டுச் சட்டம், ஃபின்மார்க் பகுதியில் நார்வே மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்தவருக்கே அரசு நிலத்தை விற்கலாம் என்றது. சுவீடன் 1913இல் பனிமான் மேய்ப்பவர்களின் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி முறையைக் கொண்டுவந்தது. நல்ல கட்டடத்தில் படித்தால் வசதிக்குப் பழகிவிடுவார்கள் என்று கூடாரத்தில் குறைந்த பாடம் நடத்தினார்கள். 1922இல் உப்சாலாவில் அரசே இனஉயிரியல் நிறுவனம் தொடங்கி, சாமி மக்களின் தலையை அளந்தது, ஆடையின்றிப் படம் எடுத்தது.

ஒரு பக்கம் மொழியையும் நிலத்தையும் பறித்தார்கள். மறு பக்கம் 'மாறாத' மனிதர்கள் என்று காட்சிக்கு வைத்தார்கள். இரண்டும் ஒரே வேலையின் இரு கைகள்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். 1904இல் எமிலி தேமான்ட் என்ற டேனிஷ் ஓவியர் சுற்றுலாப் பயணியாக வடக்கே சென்றார். ரயிலில் யோஹான் துரி என்ற சாமி வேட்டைக்காரரைக் கண்டார். தன் மக்களைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது துரியின் விருப்பம். எமிலியின் உதவியோடு 1910இல் அது வெளிவந்தது. சாமி மொழியில் சமயம் சாராத முதல் நூல் அதுதான். பார்க்க வந்தவர் கேட்க உட்கார்ந்தார். அங்கே பயணத்தின் பொருளே மாறிப்போனது.

3. விற்பனைக்கு வந்த காக்தி

1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்லாந்தின் ரோவனியேமி நகரை எரித்தது. 1950இல் எலினோர் ரூஸ்வெல்ட் வந்தபோது ஆர்க்டிக் வட்டத்தில் அவருக்காக ஒரு மரவீடு கட்டினார்கள். 1985இல் அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் திறக்கப்பட்டது. சட்டப்படியான சாமி தாயகம் அதற்கு வடக்கே இனாரி, உத்ஸ்யோக்கி, எனொன்தெக்கியோ, வுவோத்சோ பகுதிகளில் இருக்கிறது. ஆனால் சாமி அடையாளம் ரோவனியேமியில் தாராளமாக விற்கப்பட்டது. சாமி அல்லாத ஊழியர்கள் போலி உடை மாட்டி, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்ததற்கு 'ஞானஸ்நானம்' என்று ஒரு போலிச் சடங்கு நடத்தினார்கள். நாய்வண்டியும் பனிவீடும்கூட விளம்பரத்தில் சேர்ந்தன. இரண்டும் சாமி மரபே இல்லை.

சாமி உடைக்குக் காக்தி என்று பெயர். தெரிந்தவர்கள் அதன் நிறத்தையும் கரையையும் பார்த்து எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள். அதைக் கண்டபடி ஒட்டுப்போட்டு மாட்டுவது பிறர் குடும்பப் பெயரைத் திருடுவது போன்றது. 1980களில் பின்லாந்துத் தொலைக்காட்சியில் குடிகார, அழுக்கு முகச் சாமி வேடங்கள் நகைச்சுவையாக ஓடின. அவற்றில் நடித்த பிர்க்கா-பெக்கா பெதேலியுஸ் 2019இல் மன்னிப்புக் கேட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் சாமி குழந்தைகள்.

4. நிபந்தனை போடும் உரிமை

1979 முதல் 1981 வரை நார்வேயில் ஆல்தா ஆற்றின் அணைக்கு எதிராகச் சாமி மக்கள் போராடினார்கள். ஓஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன்னே உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை கட்டப்பட்டது. ஆனால் அந்தப் போராட்டம் 1989இல் நார்வேயில் சாமி நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்தது. சுவீடனில் 1993இலும் பின்லாந்தில் 1996இலும் அத்தகைய அவைகள் அமைந்தன.

பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கு அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அனுமதியின்றி மனிதர்களைப் படமெடுக்காதே, வீட்டு முற்றத்தில் நுழையாதே, சாமி அல்லாதவர் சாமி உடையை விளம்பரத்துக்கு மாட்டாதே என்பவை அதன் சாரம். இனாரியில் உள்ள சாமி மக்களின் சொந்த அருங்காட்சியகமான சீதாவுக்கு, பின்லாந்து தேசிய அருங்காட்சியகம் 2021இல் 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. ஆண்டர்ஸ் பவுல்சனின் மேளம் 2022இல் காராஷ்யோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்தின் உடைமையானது. இன்று அங்கே போகும் பயணிக்கு அந்த மேளத்தின் கதையைச் சாமி மக்களே சொல்கிறார்கள்.

ஆனால் வழிகாட்டுதல் என்பது சட்டம் அல்ல. மீறுபவரைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. எனவே கேள்வி மீண்டும் நிலத்துக்கு வருகிறது.

1993இல் சுவீடன் அரசு மலைப்பகுதியில் சிறுவேட்டையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் துப்பாக்கியோடும் நாயோடும் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்கள் நுழைந்தார்கள். கிர்யாஸ் என்ற மேய்ச்சல் சமூகம் 2009இல் வழக்குத் தொடுத்தது. வழக்கில் அரசுத் தரப்பு 'லாப்' என்ற சொல்லையே பயன்படுத்தி வாதாடியது. 2020இல் உச்சநீதிமன்றம், அந்தப் பகுதியில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி வழங்கும் உரிமை கிர்யாஸுக்கே உண்டு, அரசுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் சாமி மக்களுக்கு மிரட்டல்கள் வந்தன, பனிமான்கள் கொல்லப்பட்டன. உரிமை கிடைத்த மறுநாள் வன்முறை வருவதை நாம் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நார்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் தேத்னு ஆற்றில் 2017இல் இரு அரசுகளும் மீன்பிடி ஒப்பந்தம் செய்து, சாமி மக்களின் மரபுவழி சால்மன் பிடிப்பைக் கடுமையாகக் குறைத்தன. 'எல்லோஸ் தேத்னு' இயக்கத்தினர் ஆற்றுத் தீவு ஒன்றில் கூடாரம் அடித்து, அங்கே புதிய விதிகள் செல்லாது என்றும், மீன்பிடிக்க வரும் பயணி அப்பகுதிக் குடும்பங்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். கிளையாறுகளில் விதியை மீறி மீன்பிடித்த சாமி மக்கள்மீதான குற்றச்சாட்டுகளைப் பின்லாந்து உச்சநீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது.

மாணவ நண்பர்களே, 'வராதே' என்று அவர்கள் சொல்லவில்லை. 'கேட்டுவிட்டு வா' என்றார்கள். அதைச் சொல்வதற்கு மொழி, பள்ளி, பெயர், நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தின் பண்பாட்டைக் கொண்டாடுகிறோம் என்று யாராவது மேடை போட்டால், அந்த மேடை நிற்கும் நிலம் யாருடையது, நுழைவுச் சீட்டின் காசு யாருக்குப் போகிறது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காத இடத்தில் கொண்டாட்டம் என்பது ஹாகென்பெக்கின் காட்சிதான்.

ஜெய் பீம்.